எண்கவனகரைக் கேட்ட தம்பிக்குத் தமக்கை விடுக்கும் ஓலை

திரு நிலைபெறுக. ஆழிமருங்கு நாட்டில், அலை ஓயாத நீலத்துறைக் கோட்டையில், மணிமுடி தாங்கி வீற்றிருக்கும் கடலாதித்தப் பெருமானின் பட்டத்தரசியும், கூர்ங்குன்றத்து மண்ணில் பிறந்து அக்குன்றத்துச் சுனைநீர் குடித்து வளர்ந்தவளுமாகிய ஆதிரை நாச்சியார், மலைநாடு முழுதுடையவரும், முகில் தவழும் கணவாய்களின் காவலரும், தமக்கைக்கு இளையவருமாகிய அதிரன் சேந்தப் பெருமானுக்கு எழுதுவித்த ஓலை. உமது புனங்களில் தினை கதிர் தாங்கட்டும். உமது சுனைகள் கோடையிலும் வற்றாதிருக்கட்டும். உமது வேலுக்கு வேலை வராதிருக்கட்டும். உமது பிடரிவலியும் தீரட்டும். தமக்கை அனுப்பிய தைலத்தை நீர் இன்னும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்று உமது தூதர் கொற்றனார் சொன்னார். தடவிக்கொள்ளும்.

இவ்வோலையோடு பொற்கரையிட்ட வேறோர் ஓலையும் வருகிறது. அது எம்பெருமான் விடுப்பது. நீர் மும்முறை வேண்டிக் கேட்ட எண்கவனகர் விடங்கரை உமக்குப் பரிசாக அனுப்புவதாகவும், கைம்மாறாக உமது கல்லுடைக்கும் குழியில் இருக்கும் பேராச்சி என்னும் பெண்ணைத் திருப்பி அனுப்புமாறும் அதில் எழுதியிருக்கும். அதை அவையில் முரசறைந்து படியும். இதை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு, கையில் வேறு எந்த வேலையும் இல்லாமல், ஒரே மூச்சில் படியும். அரச காரியம் கேட்டுக்கொண்டே சோறு உண்பதும், சோறு உண்டுகொண்டே காய் நகர்த்துவதும் உமது பழக்கம் என்று தமக்கைக்குத் தெரியாதா என்ன? மீன்முள் தொண்டையில் சிக்கி நீர் விழி பிதுங்கி நின்ற நாளில் முதுகில் அறைந்தவளே அவள்தான்.

எண்கவனகம் என்பது உமது மலைக்குப் புதிது. ஆகையால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம். ஒருவர் நடுவில் அமர்வார். அவரைச் சுற்றி எண்மர் அமர்வர். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் சதுரங்கக் காய் நகர்த்துவார். ஒருவர் பெருக்கற் கணக்குக் கேட்பார். ஒருவர் அவர் முதுகில் கூழாங்கல்லை ஒவ்வொன்றாக எறிந்துகொண்டே இருப்பார். மற்றவரும் ஆளுக்கொரு தொல்லை கொடுப்பர். கடைசியில் அவர் எண்மருக்கும் பிசகாமல் விடை சொல்லவேண்டும், முதுகில் விழுந்த கல்லின் தொகை உட்பட. விடங்கர் இதில் நிகரற்றவர். உடல் மெலிந்தவர், குரல் தணிந்தவர், சபை முடிந்ததும் யார் முகத்தையும் நிமிர்ந்து பாராமல் வீட்டுக்குப் போய்விடுபவர். தம் உள்ளத்தில் எட்டு அறைகள் இருப்பதாகவும், ஓர் அறையின் பேச்சு மறு அறைக்குக் கேளாதபடி கதவுகளை இறுகச் சாத்தி வைப்பதே தம் வித்தை என்றும், அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை என்றும் அவர் எம்மிடம் ஒருமுறை சொன்னார்.

எம்பெருமான் அவ்வித்தையைக் கண்ட நாளில் தொடங்கியது வினை. இத்தகைய செவியை வெறும் விளையாட்டில் வீணடிப்பதா என்றார். அறங்கூறவையில் வழக்குகள் மலைபோல் குவிந்திருந்தது உண்மைதான். வாதியாய் வந்தவனின் மகன் வாதியாய் நின்ற கதையெல்லாம் உண்டு. உடனே எட்டுத்தூண் மண்டபம் எழும்பியது. தூணுக்கு ஒரு வழக்கு, நடுவில் விடங்கர். சேகண்டி ஒருமுறை ஒலித்தால் முதல் தூணில் நிற்பவர் ஒரு வாக்கியம் பேசலாம். மறுமுறை ஒலித்தால் அவர் வாயை மூடிக்கொள்ள, இரண்டாம் தூணில் நிற்பவர் பேசுவார். இப்படியே சுற்றிச் சுற்றி வந்து, உச்சிப்பொழுதில் எட்டு வழக்குக்கும் தீர்ப்பு. அவர் யார் சொன்ன சொல்லையும் மறக்கவில்லை. ஒருவர் பெயரையும் மாற்றிச் சொல்லவில்லை. ஊரே வாயைப் பிளந்தது. குவிந்து கிடந்த வழக்கெல்லாம் கரைந்தது. எம்பெருமான் அவர் காலில் பொற்கழல் பூட்டி, அவர் வீட்டைச் சுற்றிக் காவலும் வைத்தார். அவர் கவனம் சிதறக்கூடாதாம். கடைத்தெருவுக்குப் போகத் தடை, கடற்கரையில் நடக்கத் தடை, அயலார் வந்து பேசத் தடை. சிறைக்கு வேறு எதைச் சொல்வார்கள் என்று தமக்கைக்கு விளங்கவில்லை.

இனி பேராச்சியின் காரியம். எமது துறைமுகத்துக் கலங்கரை விளக்கில் எண்ணெய் ஊற்றித் திரி தூண்டும் பணி அவளுடையது. கணவனைக் கடல் கொண்டது. இடுப்பில் பால்குடி மறவாத ஒரு பெண்குழந்தை. அடைமழை நாளொன்றில் விளக்கு அணைந்தது, கரை தெரியாமல் வந்த ஓடம் பாறையில் மோதி உடைந்தது, ஓடத்திலிருந்தவர் மாண்டனர். காவற்பெண் உறங்கிவிட்டாள் என்று துறைக்காவலர் வழக்குத் தொடுத்தனர். அவளை இரண்டாம் தூணில் நிறுத்தினார்கள். ஒலிக்கும்போது ஒரு வாக்கியம் என்று கட்டளை. ஒலிக்கு ஒன்றாக அவள் சொன்னதைச் சேர்த்து, மாற்றாமல் எழுதச் சொல்லியிருக்கிறோம்: “நான் தூங்கலை சாமி. எண்ணெ பாதிக்குப் பாதி கெடக்கு, அப்பவே திரி படபடன்னு பொரிஞ்சு அணைஞ்சு போச்சு. மறுபடி ஏத்தினேன், மறுபடியும் பொரிஞ்சு அணையுது. நான் என்ன செய்ய?”

எண்ணெய் இருக்கும்போதே விளக்கு அணையுமா? உறங்கியவள் சொல்லும் சாக்கு என்று தோன்றியது விடங்கருக்கு. அதே அவையில், அதே பொழுதில், ஏழாம் தூணில் கொற்றவை கோயில் விளக்குக்காரர் நின்றார். அவர் தொடுத்த வழக்கு எண்ணெய் விற்கும் மங்கலன் மேல். அவர் சொன்னது இது: “பாதி எண்ணெ கெடக்கும்போதே திரி படபடன்னு பொரியுது, அணையுது. அடியில பாத்தா தண்ணி நிக்குது. கோயிலுக்கும் துறைமுகத்துக்கும் ஒரே சாடியிலேர்ந்துதான் ஊத்துறான் இந்தப் பாவி.” சாடியைக் கவிழ்த்துப் பார்த்தபோது நீர் இருந்தது. மங்கலன் ஒப்புக்கொண்டான்.

உச்சிப்பொழுதில் தீர்ப்பு வந்தது. எண்ணெயில் நீர் கலந்த மங்கலனுக்குத் தண்டம். விளக்கைக் காவாத பேராச்சிக்கு நாடுகடத்தல். இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே மூச்சில் வந்தன. எட்டு அறையும் இறுகச் சாத்தியிருந்தன அல்லவா? ஓர் அறையின் பேச்சு மறு அறைக்குக் கேட்கவே இல்லை. அவையில் அமர்ந்திருந்த ஆன்றோர் எவருக்கும் அது உறைக்கவில்லை. அவர்கள் அனைவரும் எட்டையும் ஒருங்கே கேட்கும் அதிசயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்களே தவிர, எட்டில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. குழந்தையை அயல்வீட்டாள் கையில் கொடுத்துவிட்டுப் பேராச்சி கணவாய் ஏறினாள். நாடுகடத்தப்பட்டு வந்தவரைக் கல்லுடைக்க வைப்பது உமது மலையின் வழக்கம். ஆதலால் இன்று அவள் உமது குழியில் கல்லுடைக்கிறாள்.

உமது தூதர் வந்தபோதுதான் அது வெளிப்பட்டது. எம்பெருமான் விருந்தினருக்குத் தம் பெருமையைக் காட்ட விரும்பினார். எண்மரும் சுற்றி அமர, முதுகில் கல் விழ, சதுரங்கம் நடக்க, இடையிலேயே பழைய வழக்குகளில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், சொல்லுக்குச் சொல் ஒப்பிப்பார் என்றார். கொற்றனார் ஒன்றும் அறியாதவராய், இன்ன நாளின் ஏழாம் வழக்கைச் சொல்லச் சொன்னார். விடங்கர் கோயில் விளக்குக்காரரின் குரலிலேயே ஒப்பித்தார். சபை ஆரவாரித்தது. இனி அந்நாளின் இரண்டாம் வழக்கு என்றார் கொற்றனார். விடங்கர் பேராச்சியின் வாக்கைச் சொல்லத் தொடங்கினார். எண்ணெய் பாதி கிடக்கும்போதே, படபடவென்று பொரிந்து, என்று தம் வாயாலேயே சொல்லிக்கொண்டு வந்தவர் அவ்விடத்தில் நின்றார். ஒரே சொல் இரண்டாம் முறை தம் நாவில் வந்திருப்பதை அப்போதுதான் அவர் கேட்டார்.

ஐயோ, அந்த முகத்தைத் தமக்கை பார்த்தாள். வெளிறிப்போன முகம். எழுந்து ஓடவேண்டும் போல் இருந்ததாம் அவருக்கு. எப்படி ஓடுவது? முதுகில் கல் விழுந்துகொண்டே இருந்தது. சதுரங்கக்காரர் யானையை நகர்த்திவிட்டுக் காத்திருந்தார். ஈற்றடி கொடுத்தவர் கனைத்தார். எம்பெருமான் புன்னகைத்துக்கொண்டிருந்தார். விடங்கர் மிச்சத்தையும் ஒப்பித்தார். வெண்பாவை முடித்தார், யானையை வெட்டினார், கல்லின் தொகையும் சொன்னார். அத்தனையும் சரி. தம் உள்ளத்தில் ஒரு பெண் அலறிக்கொண்டிருக்கும்போதும் தாம் கல்லை எண்ணிக்கொண்டுதான் இருந்ததாக அவர் பிறகு எம்மிடம் சொல்லி வாய்விட்டு அழுதார்.

அன்றே அவர் எம்பெருமானின் காலில் விழுந்து, தீர்ப்புப் பிழைத்தது, அவளைத் திரும்ப அழைக்கவேண்டும் என்று இறைஞ்சினார். எம்பெருமான் கொடியவர் அல்லர். பெருமைக்கு அடிமைப்பட்டவர், அவ்வளவே. இத்தீர்ப்பைத் திருத்தினால், எட்டுத்தூண் மண்டபத்தில் தோற்ற ஒவ்வொருவனும் தன் தீர்ப்பையும் திருத்தச் சொல்லிக் கோட்டை வாயிலில் வந்து நிற்பான், நாடு தாங்காது, ஆகவே தீர்ப்பு தீர்ப்பே, கவனகர் மனத்தைத் தேற்றிக்கொண்டு நாளை வழக்கம்போல் அமர்க என்று ஆணையாயிற்று. அப்படியானால் இனித் தம்மை ஒரு பொழுதில் ஒரே வழக்குக் கேட்க விடுக என்று விடங்கர் வேண்டினார். ஒரு வழக்குக் கேட்க ஒன்பது ஆண்பிள்ளைகள் எம்மிடம் இருக்கிறார்கள், எட்டுக் கேட்பதற்கல்லவா உமக்குப் பொற்கழல் என்று பதில் வந்தது.

மறுநாள் அவர் பிடிவாதமாக ஒன்றைமட்டும் கேட்பது என்று அமர்ந்தார். முதல் தூணில் நின்றவன் ஆடு தொலைத்தவன். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, அவன் சொல்லையே பிடித்துக்கொண்டு இருந்துவிட முயன்றார். முடியவில்லை, தம்பி. இதுதான் இந்தக் காரியத்தில் தமக்கையின் நெஞ்சைப் பிசைவது. சேகண்டி ஒலித்ததும் செவி தானாகவே அடுத்த தூணுக்குப் போய்விட்டது. அறைகள் தாமாகத் திறந்தன, தாமாகச் சாத்திக்கொண்டன. பழக்கிய செவி இனி அவர் சொல் கேட்பதில்லை.

வீட்டிலும் அதே கதைதான். அவர் மனைவி இளநாகை தமக்கையிடம் வந்து கொட்டித் தீர்த்தாள். அவர் உண்ணும்போது வாசலில் காவலன் கால்மாற்றுவதையும், கொல்லையில் காகம் கரைவதையும், உலையில் அரிசி கொதிப்பதையும் ஒருங்கே எண்ணிக்கொண்டிருக்கிறாராம். இவள் அழுதால் இவள் விம்மலையும் சேர்த்து எண்ணுகிறாராம். அவள் வாய்ச்சொல்லாகவே எழுதுவிக்கிறோம்: “நான் சொன்னதை அச்சு அசலாத் திருப்பிச் சொல்றாரு அம்மா. ஏன் சொன்னேன்னு மட்டும் அவருக்குக் கேக்கத் தோணமாட்டேங்குது. நானும் ஒரு தூணுதான் போல.” தமக்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒருங்கே இரண்டு செய்யலாகாது என்று தமக்கை வாதாட வரவில்லை. அப்படி எழுதினால் நீர் சிரிப்பீர். எமது நெல் குற்றும் பெண்கள் பாடிக்கொண்டேதான் குற்றுகிறார்கள். பாட்டில்லையேல் உலக்கை ஓடாது. வலை பின்னுகிறவர் ஊர்வம்பு முழுவதும் பேசி முடிக்கிறார். ஒரு கண்ணி தப்புவதில்லை. கை தன் வேலையைத் தானே அறிந்திருக்கும்போது வாய்க்கு விடுதலை உண்டு. மனத்துக்கு அப்படிப்பட்ட கை இல்லை. கேட்டதைச் சேர்த்துவைக்க எட்டு அறை போதும். கேட்டது மெய்யா பொய்யா என்று நிறுத்துப் பார்க்கவோ எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பரப்பி வைத்துக்கொண்டு உட்காரவேண்டும். அதற்குப் பொழுது வேண்டும். அமைதியும் வேண்டும். விடங்கரிடம் இருப்பது உலகத்திலேயே பெரிய நினைவு. அதை அறிவென்று எண்ணிப் பொற்கழல் பூட்டியது நாங்கள்.

இனி, அவர் உம்மிடம் வருவது எப்படி என்பது. எமது நாட்டில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கவனகரை அவர் ஒப்பாமல் வேற்று நாட்டுக்கு அனுப்பலாகாது. வலிந்து அனுப்பினால் வித்தை குலையும் என்பது நம்பிக்கை. நீர் கேட்ட மும்முறையும் அவர் மறுத்தது அதனால்தான் செல்லுபடியாயிற்று. மண்ணும் மனையும் காவலும் கழலும் எல்லாம் அரசருடையன. மறுப்பது ஒன்றுதான் அவருடையது. அந்த ஒன்றைத்தான் அவர் விலையாக வைத்தார். கூர்ங்குன்றத்துக்குப் போகவும், உயிருள்ளவரை உமது மண்டபத்தில் அமரவும் ஒப்புகிறேன், பேராச்சி கீழே இறங்கட்டும் என்றார். தீர்ப்பைத் திருத்தாமல் பரிசுக்குப் பரிசாக அவளை வாங்கிக்கொள்ளலாம் என்பதால் எம்பெருமானும் இசைந்தார். ஆனால் அவள் குற்றமற்றவள் என்று பொற்கரை ஓலையில் ஒரு சொல் இல்லை. நீர் தேடிப் பார்த்தாலும் இராது. அவள் ஊருக்குத் திரும்பினாலும் ஓடத்தை உடைத்தவளாகவே திரும்புவாள்.

விடங்கர் தாமே போய் உமது கூண்டில் ஏறுகிறார் என்பதை நீர் அறியவேண்டும். நீரும் எட்டுத்தூண் மண்டபம் ஒன்றைக் கட்டி, தூணுக்குச் சுண்ணம் பூசிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அதை இடிக்கச் சொல்ல வேற்று நாட்டு அரசிக்கு உரிமை இல்லை. அங்கே அவரை எப்படி வைத்துக்கொள்வது என்பதை உமது மனச்சான்றிடமே தமக்கை விட்டுவிடுகிறாள். இளநாகையும் அவரோடு வருகிறாள். அவள் வீட்டு வாசலில் காவல் வைத்தீரானால், அடுத்த திருவிழாவுக்குத் தமக்கை கூர்ங்குன்றத்தில் காலடி வைக்கமாட்டாள். இது மிரட்டல்தான்.

ஆனால் வேற்று நாட்டு அரசியாய் அன்றி, உமக்கு மூத்தவளாய் இடும் கட்டளை ஒன்று உண்டு. அதைத் தட்டாதேயும். கணவாயின் உச்சியில் நம் இரு நாட்டுக்கும் நடுவே நடுகல் ஒன்று நிற்கிறதே, அதைச் சுற்றியுள்ள புல்தரை உமதும் அன்று எமதும் அன்று. அங்கே எம்பெருமானின் தீர்ப்பும் செல்லாது, உமது ஆணையும் செல்லாது. விடங்கர் ஏறிவரும் நாளில் பேராச்சியை அங்கே கொண்டுவந்து நிறுத்தும். அவள் குழந்தையைத் தமக்கையின் தோழி தூக்கிக்கொண்டு வருவாள். முதலில் அதை அவள் மடியில் கொடுக்கட்டும், பால் குடித்து உறங்கட்டும். பிறகு அவள் தன் வழக்கைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தன் போக்கில் சொல்லவேண்டும். விடங்கர் கேட்கவேண்டும். கேட்டுத் தீர்ப்புச் சொல்லவேண்டும். இதுவே அவர் எம்மிடம் கேட்டுக்கொண்ட ஒரே வரம். தம் செவிக்கு இன்னும் அது முடியுமா என்று தமக்கே தெரியவில்லை என்றும் சொன்னார். இருபுறத்துப் படைத்தலைவரும் சாட்சியாய் நின்று அத்தீர்ப்பை மனத்தில் வாங்கிக்கொள்ளட்டும். எமது படைத்தலைவர் அதை நீலத்துறைக் கடைத்தெருவில் உரக்கச் சொல்வார். அதற்கு அரச முத்திரை தேவையில்லை.

ஆகவே அவள் பேசும் பொழுதில் உமது வீரர் எவரும் இருமக்கூடாது. குதிரைகளைச் சரிவுக்குக் கீழே நிறுத்துக. யானையின் கழுத்து மணியை அவிழ்த்து வைத்திடுக. விடங்கருக்கென்று கொண்டுவரும் பல்லக்கை எவனும் தொடாதிருக்க. வேலைத் தரையில் ஊன்றும் ஓசையும் கேட்கவேண்டாம். அவர் பார்வை நடுவில் அங்குமிங்கும் ஓடினால் அவள் நிறுத்தட்டும். திரும்பி வந்தபின் தொடரட்டும். தான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை என்று அவளுக்குத் தோன்றினால், மறுபடியும் முதலிலிருந்து சொல்லட்டும். பொழுது சாய்ந்தாலும் சாயட்டும். மறுநாள் விடிந்தாலும் விடியட்டும். அவருக்கு அவள் ஒருத்தியின் குரல் மட்டும் கேட்கும்வரை அந்தப் புல்தரையை விட்டு எவரும் நகரவேண்டாம்.

இது ஆதிரை நாச்சியார் ஆணை. அரக்கின் மேல் எம் கைமோதிரத்தின் மீன்பொறி பதித்தோம். பதித்தபடி நடக்கக் கடவது.